நம் இல்லத் தேநீரின் வரலாறு

உண்ணும் உணவிலும் பருகும் நீரிலும் ஒரு மக்களின் வரலாறு மறைந்து கிடக்கிறது. கல்வெட்டும் செப்பேடும் மன்னர்தம் பெயர்களைக் கூறும். அடுக்களையோ, மக்கள் எவ்வழி வந்தனர், யாரோடு கலந்தனர், எதனை ஏற்றனர், எதனைத் தள்ளினர் என்பவற்றைக் கூறும். திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தாராகிய நம் இல்லங்கள் பலவற்றில் மாலைதோறும் அடுப்பேறும் பானம் ஒன்று உண்டு. இஞ்சியைத் தட்டிப் போட்டு, ஏலக்காயைப் பொடித்துத் தூவி, பாலும் தேயிலையும் ஒருங்கே கொதிக்கக் காய்ச்சும் தேநீரே அது.

இக்காலத்தில் இதனை 'மசாலா டீ' என்று அழைத்து, வடநாட்டிலிருந்து வந்து சேர்ந்த புதுமை எனப் பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று. வடநாட்டார் தம் வழியில் இதனைக் கண்டனர். நாம் நம் வழியில் கண்டோம். இத்தேநீரில் சேரும் பொருள்கள் நம் மேற்கு மலைத் தொடரில் விளைபவை. அவற்றை விளைவித்த கைகளுள் தமிழ்க் கைகள் மிகப் பல. அவற்றைக் கூட்டிக் காய்ச்சும் முறையும் நம் பாட்டியர் முன்பே அறிந்திருந்த முறையேயாகும். சங்கத்தின் ஆண்டு மலரில் இதனைச் சிறிது விரித்துரைக்க விரும்புகிறோம்.

தேயிலைக்கு முன்

தேயிலை நம் மண்ணுக்கு உரியதன்று. சீனத்திலும் அசாமிலும் வளர்ந்த செடி அது. ஆனால் அதனோடு நாம் கூட்டும் பொருள்கள் அப்படிப்பட்டவை அல்ல. ஏலமும் மிளகும் மேற்கு மலைக் காடுகளுக்கே உரியவை. இஞ்சியும் அதனை உலர்த்திய சுக்கும் நினைவுக்கெட்டாத காலந்தொட்டு நம் இல்லங்களில் இருந்து வருகின்றன. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றையும் சேர்த்துத் திரிகடுகம் என்றனர் முன்னோர். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றுக்கு நல்லாதனார் அப்பெயரையே சூட்டினார் என்றால், அம்மருந்தை அக்காலத்து மக்கள் எத்துணை நன்கு அறிந்திருந்தனர் என்பது விளங்கும் அன்றோ? கேட்ட அளவில் எல்லார்க்கும் புரியும் பெயரையன்றி வேறொன்றைப் புலவர் நூலுக்கு இடுவரோ?

கூதிர்க்காலத்தில் சுக்கைத் தட்டி, மல்லி விதையும் மிளகும் கூட்டி, நீரில் இட்டு வற்றக் காய்ச்சி, பனங்கருப்பட்டி சேர்த்துப் பருகுவது நாஞ்சில் நாட்டு வழக்கம். மலையாள நாட்டிலும் இது 'சுக்குக் காப்பி' எனப் பெயர் பெற்று வழங்குகிறது. பொருளை முதலில் நீரில் இட்டுக் காய்ச்சிச் சாறு இறக்குவதும், பின்னர் இனிப்புச் சேர்ப்பதும், சூடாறாமல் குடிப்பதுமாகிய இம்முறையே பிற்காலத்தில் நம் வீட்டுத் தேநீருக்கு அடிப்படையாயிற்று. தேயிலை புதிது, காய்ச்சும் பழக்கம் பழையது. இதனை நாம் மறத்தல் ஆகாது.

இவ்வூர்ச் சாலைக் கடைத்தெருவில் இன்றும் சுக்கும் ஏலமும் கிராம்பும் மணக்கின்றன. கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் காலத்தில் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்கடைத்தெருவை அமைத்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில் பிறந்தவர் அவர். மிளகு வாணிகம் அக்காலத்தில் அரசுக்கே உரியதாய் இருந்தது. குடிகள் தம் விளைச்சலை அரசின் பண்டகசாலைக்கே கொடுத்தல் வேண்டும். கும்பகோணத்திலிருந்து வந்து திருவிதாங்கூரின் திவானாய் அமர்ந்த தி. மாதவராவ் 1860-ஆம் ஆண்டில் அவ்வுரிமையை நீக்கினார். அதன்பின் மிளகு எவரும் வாங்கி விற்கும் பண்டமாயிற்று. அந்நாளில் சாலையில் கடை வைத்திருந்த தமிழ் வணிகருக்கும், கோட்டையிலும் கரமனையிலும் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் மிளகும் ஏலமும் அயற்பொருள்கள் அல்ல; அன்றாடப் பொருள்களே.

கிராம்பு ஒன்றே சற்று வேறானது. கீழைத் தீவுகளில் பிறந்த அம்மரத்தை 1800-ஆம் ஆண்டளவில் ஆங்கிலக் கம்பெனியார் குற்றாலத்தில் கொண்டுவந்து நட்டனர். அங்கிருந்து பரவிக் கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளில் நிலைத்தது. இன்று அம்மாவட்டத்துக் கிராம்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

மலைமேல் ஏறிய தேயிலை

இனித் தேயிலைக்கு வருவோம். திருவிதாங்கூர் மலைகளில் வெள்ளையர் முதலில் பயிரிட்டது காப்பியையே. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் காப்பிச் செடிகளைத் துரு நோய் தாக்கி அழித்தபோது, தோட்டக்காரர் மாற்றுப் பயிர் தேடினர். அத்தேட்டத்தின் விளைவாகவே தேயிலை மேலோங்கியது. இலங்கையில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 19 ஏக்கரில் தொடங்கிய முயற்சி, சில பத்தாண்டுகளில் அத்தீவின் மலைநாடு முழுவதையும் தேயிலைக் காடாக்கிவிட்டது.

நம் பக்கத்தில் நிகழ்ந்தது யாது? 1877-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11-ஆம் நாள், ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து மூணாற்று மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பூஞ்சாற்று அரசரோ தம் குலத்தை மதுரைப் பாண்டியர் வழியினது என்று கூறிக்கொள்பவர். அம்மலைகளுக்குக் 'கண்ணன் தேவன் மலை' என்று பெயர். அஞ்சுநாட்டுத் தலைவர் ஒருவரின் பெயரால் அது வழங்கலாயிற்று என்பர். இன்று தேயிலைப் பொட்டலங்களின்மீது நாம் காணும் பெயர், மேனாட்டு வணிகர் சூட்டிய பெயர் அன்று. மலைவாழ் தமிழ்த் தலைவர் ஒருவரின் பெயரே அது என எண்ணும்போது வியப்புத் தோன்றுகிறது.

1880-இல் ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதி என்னும் தோட்டத்தில் 50 ஏக்கரளவில் தேயிலை நட்டார். 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தோன்றியது. இவ்வூர் மகாராஜா கல்லூரியில் பேராசிரியராய் இருந்த சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் வெளிவந்தது 1891-இல். அப்போது மூணாற்றுத் தேயிலைக்கு வயது பதினொன்று. நம்மவர் பலரும் தேயிலையின் சுவையை அறியாத காலம் அது.

அம்மலைகளில் காட்டை வெட்டியவரும் செடியை நட்டவரும் கொழுந்து பறித்தவரும் யாவர்? திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் முதலிய சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற தமிழ்க் குடும்பத்தாரே அவருட் பெரும்பாலோர். தேயிலை சென்ற வழியும் தமிழ்நாட்டு வழியே. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாகச் சிறிய இருப்புப்பாதை ஒன்று 1902-இல் ஒற்றைத் தண்டவாளமாய் அமைந்து, 1908-இல் இரட்டைத் தண்டவாளமாய் மாறியது. அப்பாதை மலையுச்சியில் முடியும் இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கின. பின் வண்டியேறிப் போடிநாயக்கனூர் சேர்ந்தன. தூத்துக்குடித் துறைமுகம் வழியே கடல் கடந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விருப்புப்பாதையை அடியோடு அழித்துவிட்டது. மீண்டும் எவரும் அதனை அமைக்கவில்லை.

திருவனந்தபுரத்துக்கு அண்மையிலும் தேயிலை உண்டு. பொன்முடியிலும் போணக்காட்டிலும் வெள்ளையர் தோட்டங்கள் அமைத்தனர். போணக்காடு அகத்தியர் கூடத்துக்கு ஏறும் வழியின் தொடக்கம். தமிழுக்கு இலக்கணம் தந்தவர் என நாம் போற்றும் முனிவர் உறையும் பொதியிலின் அடிவாரம். அங்கும் கொழுந்து பறிக்கச் சென்றவர் பெரும்பாலும் தமிழரே.

ஏலத்தின் கதையும் இத்தகையதே. ஏலமலைக் காடுகளைச் சீர்திருத்திப் பயிர் செய்தவருள் போடி, கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தோர் பலர். அவ்வூர்களிலிருந்து பெண்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் மலையேறி, ஏலத்தோட்டங்களில் வேலை செய்து மாலையில் இறங்குவது இன்றும் நடைபெறுகிறது. ஏலம் விளைவது கேரளத்தில். அதன் பெருஞ்சந்தைகளுள் ஒன்று இருப்பது போடிநாயக்கனூரில்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. கிராம்பு மலை அப்பால் போயிற்று. தேயிலை மலையும் ஏலமலையும் இப்பால் நின்றன. நம்மிற் பலர் ஊர்விட்டு ஊர் வந்தவர். வேறு சிலரோ இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை மட்டும் பெயர்ந்தது. எனினும் நம் அடுக்களைப் பாத்திரத்தில் அவ்வெல்லை இல்லை.

பலகை சொன்ன பாடம்

தேயிலை நம் நாட்டில் விளைந்தும் நெடுங்காலம் நம்மவர் அதனைப் பருகவில்லை. விளைந்ததெல்லாம் கப்பலேறியது. தோட்டக்காரரின் வேண்டுகோளுக்கிணங்க 1903-இல் அரசு தேயிலைத் தீர்வை ஒன்றை விதித்து, அப்பணத்தைத் தேயிலைப் பிரசாரத்திற்குப் பயன்படுத்த வழி செய்தது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகெங்கும் வாணிகம் வீழ்ந்து தேயிலை விலை சரிந்தபோது, விற்போரின் கண் இந்நாட்டு மக்களின்மீது விழுந்தது. பிரசார வண்டிகள் ஊர்தோறும் சென்று தேநீர் காய்ச்சிக் காட்டின. புகைவண்டி நிலையங்களில் எனாமல் பலகைகள் நாட்டு மொழிகளில் தேநீர் தயாரிக்கும் முறையைக் கற்பித்தன.

அப்பலகை கற்பித்த பாடம் இது: புதிதாகக் கொதித்த நீர் வேண்டும், தேநீர்க் கூசாவைச் சூடாக்கிக்கொள்க, ஆளுக்கு ஒரு கரண்டி தேயிலை இடுக, நீரை ஊற்றிச் சில நிமிடங்கள் மூடி வைக்க, பின் வடித்துப் பாலும் சர்க்கரையும் சேர்க்க. இஃது ஆங்கிலேயர் முறை. இதில் தேயிலையைக் கொதிக்க வைத்தல் இல்லை. இஞ்சிக்கும் ஏலத்துக்கும் இடமே இல்லை. பாலை மிகுத்து, மசாலைச் சரக்குச் சேர்த்து, தேயிலையைக் குறைத்துக் காய்ச்சும் பழக்கத்தைத் தேயிலை விற்போர் விரும்பவும் இல்லை. தேயிலை குறைந்தால் விற்பனை குறையும் அன்றோ?

ஆனால் நம் இல்லத்தார் அப்பாடத்தைப் பாதி கேட்டுப் பாதி தள்ளினர். தேயிலையை ஏற்றனர், கூசாவை ஏற்கவில்லை. சுக்கு நீர் காய்ச்சிய பாத்திரத்திலேயே தேயிலையையும் இட்டுக் காய்ச்சினர். தேயிலை விலை மிகுந்திருந்த நாளில், இஞ்சியும் ஏலமும் சேர்த்தால் சிறிதளவு தேயிலையும் மணம் பெறும் என்பதைக் குடும்பத் தலைவியர் தம் பட்டறிவால் உணர்ந்தனர் என்று கருதுவதில் தவறில்லை.

இவ்விடத்தில் ஓர் இயந்திரத்தையும் குறிப்பிடல் வேண்டும். 1930-ஐ அடுத்து அசாமில் அம்குரித் தோட்டத்தில் வில்லியம் மக்கெர்ச்சர் என்பவர், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் பொறி ஒன்றை அமைத்தார். அதுவே இன்று சி.டி.சி. என வழங்கும் முறை. இலைத் தேயிலை மெல்ல ஊறி மென்மையாகச் சாறு தரும், சி.டி.சி. குருணையோ விரைவில் கடுஞ்சாறு இறக்கும். பாலுக்கும் மசாலைக்கும் ஈடுகொடுக்கும். ஒரு கிலோவில் மிகுதியான தம்ளர்கள் காணும். விடுதலைக்குப் பின் இம்முறை நாடெங்கும் பரவிய பிறகே பால் கூட்டிக் காய்ச்சும் தேநீர் ஏழை எளியோர் இல்லங்களிலும் நிலைபெற்றது.

அதற்கு முன்னர் நம்மவரிடையே காப்பிக்கே மதிப்பு மிகுதி. விருந்தினர் வந்தால் காப்பி. உழைப்பாளிக்குத் தேநீர் என்னும் வேற்றுமை நெடுநாள் நிலவியது. தேநீரைத் தாழ்ந்த பானமாகக் கருதிய இல்லங்களும் இருந்தன. அவ்வேற்றுமை நம் காலத்தில் பெரிதும் மறைந்தது நன்றே. ஒரு பானத்தின் சிறப்பு அதனைக் குடிப்பவர் யார் என்பதால் அமைவதன்று.

இல்லத்தில் காய்ச்சும் முறை

நம் இல்லங்களில் வழங்கும் முறையை இளையோர்க்காக இங்கே எழுதி வைத்தல் பொருந்தும். நான்கு தம்ளர் தேநீருக்கு இரண்டரைத் தம்ளர் நீரும் இரண்டு தம்ளர் பாலும் வேண்டும். கொதியில் வற்றும் அளவுக்கே அம்மிகுதி. கட்டைவிரல் நுனியளவு இஞ்சியைத் தோல் சீவித் தட்டி நீரில் இட்டு மூன்று நான்கு நிமிடங்கள் நன்கு கொதிக்க வைத்தல் வேண்டும். பச்சை இஞ்சியை நேரே பாலில் இட்டால் பால் திரியும். பாலின் புரதத்தைச் சிதைக்கும் தன்மை பச்சை இஞ்சிக்கு உண்டு. நீரில் கொதித்தால் அத்தன்மை அடங்கிவிடும். இவ்வறிவியல் அறியாத நம் பாட்டியரும் இம்முறையைத் தவறாது கைக்கொண்டனர்.

விரும்புவோர் இரண்டு கிராம்பும் சிறுதுண்டு கறுவாப்பட்டையும் இஞ்சியோடு இடலாம். மழைநாளில் நான்கு மிளகைத் தட்டிச் சேர்ப்பதும் உண்டு. அதன்பின் நான்கு சிறு கரண்டி தேயிலையை இட்டு, ஒரு நிமிடம் கொதித்ததும் பாலை ஊற்ற வேண்டும். பாலில் உள்ள புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பற்றிக்கொள்ளும். ஆதலின் கடுஞ்சாறும் நாவுக்கு இதமாகும். பால் பொங்கி எழும்போது தீயைத் தணித்து, மறுபடி பொங்கவிட்டு, ஏலக்காய் மூன்றைப் பொடித்துத் தூவி உடனே இறக்கி மூடல் வேண்டும். ஏலத்தின் மணம் ஆவியோடு செல்வது; முதலிலேயே இட்டால் வீடெல்லாம் மணக்கும், தேநீரில் மணம் இராது. சர்க்கரையை எப்போதும் சேர்க்கலாம். கருப்பட்டியை மட்டும் இறக்கிய பின்னரே சேர்த்தல் வேண்டும், இல்லையேல் பால் திரிந்துவிடும். இறுதியில் வடிகட்டி, இரு பாத்திரங்களுக்கிடையே நான்கு முறை ஆற்றினால் நுரையும் மணமும் கூடும்.

சாயாவும் டீயும்

நம் பிள்ளைகள் வீட்டில் 'டீ' என்றும் தெருவில் 'சாயா' என்றும் சொல்வதைக் கேட்டு, இஃது என்ன மொழிக் குழப்பம் என வருந்துவோர் உளர். வருந்த வேண்டுவதில்லை. இரு சொற்களும் சீனத்திலிருந்தே வந்தவை. அந்நாட்டின் பெரும்பகுதியில் அச்செடிக்குச் 'சா' என்று பெயர். புக்கியன் கடற்கரை மக்களோ 'தே' என்றனர். 'சா' என்பது நிலவழியே பாரசீகம், வடஇந்தியா முதலிய நாடுகளுக்குச் சென்றது. போர்த்துக்கீசியரும் அதனையே வழங்கினர். 'தே' என்பதை டச்சு வணிகர் ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர்; ஆங்கிலமும் அதனைக் கொண்டது. நம் 'தேயிலை' என்னும் சொல்லில் உள்ள 'தே'யும் அதுவே. இலங்கைத் தமிழர் 'தேத்தண்ணீர்' என்பர். மலையாளிகள் பானத்தைச் சாயா என்றும் இலையைத் தேயில என்றும் கூறி, இரண்டு சொல்லையும் தம்முடையதாக்கிக் கொண்டனர். நம் பிள்ளைகளும் அவ்வாறே இரண்டையும் ஆள்வது குறையன்று, பெருமையே. தமிழை மறவாதிருத்தல் ஒன்றே வேண்டுவது.

கொழுந்து பறித்த கைகள்

தேநீரின் மணத்தைப் பேசுவோர் அதன் விலையையும் பேசுதல் வேண்டும். விலை என்று நாம் குறிப்பது கடைக்காரன் வாங்கும் காசை அன்று. தலைமுறை தலைமுறையாக ஒற்றையறை லயங்களில் வாழ்ந்து, வேலையினின்று ஓய்வு பெற்ற நாளில் அவ்வறையையும் விட்டு வெளியேற வேண்டிய நிலையில் உழைத்தோர் கொடுத்த விலையையே குறிக்கிறோம்.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடும் மருத்துவமும் பள்ளியும் அளிக்க வேண்டும் என விதித்தது. சட்டம் வந்தும் வாழ்வு விரைந்து மாறவில்லை. 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தனர். போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைந்ததே உடனடிக் காரணம். அந்நாளில் அவர்தம் நாட்கூலி 232 ரூபாய். எந்தக் கட்சித் தலைவரையும் முன்னிறுத்தாமல், பெண்களே கூடிப் 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரில் போராடினர். ஒன்பது நாட்களில் 20 விழுக்காட்டுக்கு ஈடான தொகை பெற்றனர். பின்னர்க் கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. அப்பெண்களுள் மிகப் பெரும்பாலோர் நம் மொழி பேசுபவர்.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, பெருமழையில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. உறங்கியவர் உறங்கியபடியே புதையுண்டனர். எழுபது உயிர்கள் போயின. அவருள்ளும் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளுமே. நம் நகருக்கு அண்மையிலுள்ள போணக்காட்டிலோ தோட்டம் நலிந்து, தொழிற்சாலை ஓய்ந்து, ஊதிய நிலுவையோடும் பழுதுற்ற லயங்களோடும் குடும்பங்கள் காலம் தள்ள நேர்ந்தது.

நாமும் அவர்களும் ஒரே மொழியினர். ஒரே மாநிலத்தில் வாழ்பவர். அலுவலகத்திற்கும் கல்லூரிக்கும் கடைத்தெருவிற்கும் வந்த தமிழரின் வரலாறு நம் மலர்களில் பல முறை வெளிவந்துள்ளது. மலைக்குச் சென்ற தமிழரின் வரலாறோ அருகியே காணப்படுகிறது. இக்குறையை நீக்குதல் நம் கடமை. கங்காணியோடு மலையேறிய முன்னோரைப் பற்றிய நினைவுகள் முதியோர் சிலரிடம் இன்னும் உள்ளன. அவற்றைக் கேட்டு எழுதிச் சங்கத்து நூலகத்தில் சேர்த்தல் வேண்டும். மலைத் தோட்டத்துப் பிள்ளைகள் மேற்படிப்புக்கு இந்நகர் வரும்போது, அவர்க்குத் தங்க இடமும் வேண்டும் துணையும் அளித்தல் நம் கையில் உள்ள எளிய அறம்.

தேயிலை சீனத்தது, பொறி அசாமியது, ஏலம் இம்மலையது, கிராம்பு அம்மலையது, காய்ச்சும் முறை நம் பாட்டியரது, கொழுந்து பறித்த கை நம் உடன்பிறந்தாளது. இவையனைத்தும் கூடியதே நம் வீட்டுத் தேநீர். பிள்ளைகளுக்குத் தம்ளரை நீட்டும் தாய்மார், இவ்வரலாற்றில் ஒரு வரியையேனும் சேர்த்துச் சொல்வாராக.